இரட்டைக் குழந்தைகள், கூடுதல் காசோலை: வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களைக் குறிவைக்கும் மின்னஞ்சல் மோசடிகள்

ஈப்போ - தோட்டங்களில் ஆயாக்கொட்டகை இருந்த காலத்தில், பிள்ளையைக் கொண்டுவந்து விடுபவர் யார் என்று ஆயா விசாரிக்க வேண்டியிருந்ததில்லை. பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவரும் தாய், தூக்கம் கலையாத பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார். அவர் எந்த லயத்தில் குடியிருக்கிறார், மாமியார் யார், பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் ஆயாவுக்கு அத்துபடி. பெற்றோரிடம் பணம் கேட்கும் வேலையும் அவருக்கு இல்லை. சம்பளத்தைத் தோட்ட நிர்வாகம் கொடுத்தது.

பேராக்கில் பல ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. சுங்கை சிப்புட், சிம்மோர் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் புந்தோங், சிலிபின், குனோங் ராப்பாட், பெர்ச்சாம் என்று பரவியபோது, ஆயாவின் வேலையும் தாமான் வீட்டு முன்கூடத்துக்கு இடம் மாறியது. ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் தாதிக்கும், ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் பிள்ளையை விட்டுச் செல்ல ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டைத் தேடுபவர்கள் இன்று முகநூலிலும் புலனக் குழுக்களிலும் தேடுகிறார்கள். பிள்ளை பார்ப்பவரும் அங்கேயே பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி, சில சமயம் வீட்டு முகவரியையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார். விளம்பரம் போடாமல் தொழில் நடக்காது. ஆனால் அந்த விளம்பரத்தைப் படிப்பவர்கள் எல்லாரும் பெற்றோர் அல்லர்.

மோசடிக்காரன் எழுதும் கடிதம்

வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களைக் குறிவைத்து எழுதப்படும் மோசடிக் கடிதத்துக்கு உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். எழுதுபவர் வெளிநாட்டில் இருக்கிறார். பொறியாளர், மருத்துவர், கப்பலில் வேலை பார்ப்பவர், அண்மையில் மனைவியை இழந்தவர் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லுவார். அடுத்த மாதம் குடும்பத்தோடு இந்த ஊருக்கு வருகிறார். இரண்டு பிள்ளைகள், பெரும்பாலும் இரட்டையர், ‘மிகவும் அமைதியானவர்கள்’. வாரத்தில் ஐந்து நாள் பார்த்துக்கொள்ள முடியுமா, மாதம் எவ்வளவு என்று கேட்பார். எவ்வளவு சொன்னாலும் பேரம் பேசாமல் ஒப்புக்கொள்வார். தொலைபேசியில் பேச முடியாததற்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும்: கடலில் இருக்கிறார், பயிற்சியில் இருக்கிறார், காது கேளாதவர்.

இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பெயர் இருக்காது, இருந்தாலும் வயது மறு கடிதத்தில் மாறும். தாய்ப்பாலா புட்டிப்பாலா, ஒவ்வாமை உண்டா, தடுப்பூசி முடிந்ததா என்ற பேச்சே வராது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், நாய் இருக்கிறதா, எத்தனை பிள்ளைகளை ஏற்கெனவே பார்க்கிறீர்கள் என்று கேள்வி கேட்க மாட்டார். வீட்டை வந்து பார்க்கிறேன் என்றும் சொல்ல மாட்டார். முதன்முறையாகப் பிள்ளையை அந்நியர் வீட்டில் விடப்போகும் எந்தத் தாயும் பணத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. எழுத்துப்பிழையைவிட, பளபளப்பான ஆங்கிலத்தைவிட, இதுதான் நம்பத்தகுந்த அடையாளம். இதைக் கண்டுபிடிக்கக் கணினி அறிவு தேவையில்லை; பத்துப் பிள்ளைகளை வளர்த்த அனுபவம் போதும்.

முன்பெல்லாம் கடிதத்தின் மொழி கரடுமுரடாக இருக்கும், அதை வைத்தே சந்தேகப்படலாம் என்பார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு அந்த அடையாளம் பயன்படாது. மலாயிலும், ஆங்கிலத்திலும், தமிழிலும்கூடப் பிழையில்லாத கடிதம் நொடியில் தயாராகிவிடுகிறது.

வெளியூரிலிருந்து எழுதுபவர் எல்லாரும் திருடர் என்று கொள்வதும் தவறாகிவிடும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஈப்போ குடும்பங்கள் ஏராளம். ஊர் திரும்புவதற்கு முன்பே பிள்ளைக்கு இடம் தேடுவது இயல்பு. ஆனால் அவர்களுக்கு இங்கே அம்மாவோ, அண்ணியோ, பெரியப்பாவோ இருப்பார்கள். ‘எங்கள் வீட்டுப் பெரியவர் சனிக்கிழமை வந்து பார்ப்பார்’ என்ற ஒரு வரி அவர்கள் கடிதத்தில் வந்துவிடும். வராவிட்டால் பிள்ளை பார்ப்பவரே கேட்கலாம்: யாராவது ஒருவரை அனுப்புங்கள், அல்லது பிள்ளையோடு காணொளி அழைப்பில் வாருங்கள், அதன் பிறகு பேசலாம். உண்மையான பெற்றோர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளூர அவர்களுக்கு நம்பிக்கைதான் கூடும்.

கூடுதலாக வரும் பணம்

இரண்டாவது அல்லது மூன்றாவது கடிதத்தில் பணம் வந்துவிடும். ஓர் உதாரணக் கணக்கு: மாதம் ஒரு பிள்ளைக்கு 700 வெள்ளி, இரண்டு பிள்ளைகளுக்கு 1,400, இரண்டு மாத முன்பணம் 2,800 வெள்ளி என்று பேசி முடித்திருக்கிறார்கள். ‘என் நிறுவனம் 7,800 வெள்ளிக்குக் காசோலை போட்டுவிட்டது. உங்கள் 2,800ஐ எடுத்துக்கொண்டு, மீதி 5,000ஐப் பிள்ளைகளை அழைத்துவரும் ஓட்டுநரின் கணக்கில் போட்டுவிடுங்கள்’ என்று கடிதம் வரும். ஓட்டுநருக்குப் பதில் வீட்டு வாடகை முகவர், கட்டில் தொட்டில் விற்கும் கடை, மருத்துவச் சாதனம் விற்பவர் என்று யாராவது இருக்கலாம். கூடவே காசோலை இயந்திரம் கொடுத்த ரசீதின் படமும் இருக்கும்.

காசோலை நிஜமாகவே கணக்கில் போடப்பட்டிருக்கும் என்பதால்தான் பலர் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். வங்கிச் செயலியைத் திறந்தால் தொகை கூடியிருப்பதுபோலத் தெரியும். கவனிக்க வேண்டியது, அங்கே இரண்டு தொகைகள் இருப்பதை. ஒன்று கணக்கில் பதிவான தொகை. இன்னொன்று எடுக்கக்கூடிய தொகை, மலாயில் ‘பாக்கி தெர்செடியா’. காசோலை போடப்பட்டவுடன் முதலாவது மட்டுமே கூடும். அந்தக் காசோலையை வெளியிட்ட வங்கி சரிபார்த்துப் பணம் கொடுத்த பிறகுதான் இரண்டாவது கூடும். திருடப்பட்ட காசோலையாகவோ, மூடப்பட்ட கணக்கின் காசோலையாகவோ இருந்தால் அது திரும்பிவிடும்; ‘செக் தெண்டாங்’ என்று நம்மூரில் சொல்வது இதைத்தான். அதற்குள் பிள்ளை பார்ப்பவர் ‘மீதி’யை அனுப்பியிருந்தால், அனுப்பியது அவருடைய சொந்தப் பணம்.

வெள்ளிக்கிழமை மாலையில் காசோலை போடப்படுவது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. பேராக்கில் சனியும் ஞாயிறும் வங்கி வேலை நாள் இல்லை. திங்கட்கிழமை வரை அந்தக் காசோலையை யாரும் சரிபார்க்கப் போவதில்லை. திங்கள் பொதுவிடுமுறை என்றால் இன்னும் ஒரு நாள் கிடைக்கும். அந்த இரண்டு நாளுக்குள் ‘ஓட்டுநர் காத்திருக்கிறார்’, ‘பிள்ளைகள் விமான நிலையத்தில் இருக்கிறார்கள்’ என்று நெருக்குவார்கள்.

அமெரிக்காவில் இதே மோசடி இன்னும் மோசமாகக் கடிக்கிறது. அங்கே காசோலைப் பணத்தை வாடிக்கையாளர் எடுக்கும்படி வங்கிகள் சீக்கிரமே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். காசோலை போலி என்று தெரிய வாரங்கள் ஆகலாம். பிள்ளை பார்ப்போர், முதியோரைக் கவனிப்போர் ஆகியோருக்கு இந்தப் போலிக் காசோலை பற்றி அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் எச்சரித்துள்ளது. அதன் அறிவுரையின் சாரம் எளிமையானது: பணத்தைப் போட்டுவிட்டு அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பச் சொல்பவர் யாராக இருந்தாலும் அது மோசடி.

நம் நாட்டில் காசோலைப் புழக்கம் குறைந்துவிட்டதால், காசோலைக்குப் பதில் பணப் பரிமாற்ற ரசீதின் படமும் வருகிறது. தொலைபேசியிலேயே திருத்தப்பட்ட டூயிட்நவ் ரசீது அது. சில நேரம் ரசீது உண்மையாகவே இருக்கும், ஆனால் அது பின்தேதியிட்டுப் பதிவு செய்யப்பட்ட பரிமாற்றமாக இருக்கும். அனுப்பியவர் பிறகு ரத்து செய்துவிடலாம். ரசீது சாட்சியமாகாது. சொந்த வங்கிச் செயலியை, அதுவும் மின்னஞ்சலில் வந்த இணைப்பு வழியாக அல்லாமல் நேராகத் திறந்து, எடுக்கக்கூடிய தொகை கூடியிருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி.

கழுதைக் கணக்கு என்னும் ஆபத்து

கூடுதல் பணம் உண்மையாகவே வந்து சேர்ந்துவிட்டால்? அப்போதும் நிம்மதி இல்லை. ஒரு வகையில் அது இதைவிடப் பெரிய சிக்கல். அந்தப் பணம் வேறொருவரிடம் ஏமாற்றி வாங்கியதாக இருக்கக்கூடும். கோலாலம்பூரில் ஒருவர் ‘முதலீடு’ என்று நம்பி அனுப்பிய 5,000 வெள்ளி, புந்தோங்கில் பிள்ளை பார்ப்பவர் கணக்குக்கு வந்து, அங்கிருந்து ‘ஓட்டுநர்’ கணக்குக்குப் போகிறது. ஏமாந்தவர் போலீசில் புகார் செய்யும்போது அவர் கையில் இருப்பது புந்தோங் கணக்கு எண் மட்டுமே.

திருட்டுப் பணம் கைமாறுவதற்குப் பயன்படும் இத்தகைய கணக்கை மலாயில் ‘அக்காவுன் கெல்டாய்’ என்கிறார்கள். தமிழ்ச் செய்திகளில் கழுதைக் கணக்கு. விசாரணைக்காகக் கணக்கு முடக்கப்பட்டால், மற்ற பெற்றோர் கட்டும் மாதக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் அதே கணக்கில் சிக்கிக்கொள்ளும். 2024இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தில், கழுதைக் கணக்குகளுக்கென்றே 424ஏ முதலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. தெரியாமல் செய்தேன் என்று நிரூபிக்க மின்னஞ்சல்களே கைகொடுக்கும். எனவே வெட்கப்பட்டோ பயந்தோ அவற்றை அழித்துவிடக் கூடாது.

இதற்கு ஒரு வீட்டு விதி போதும். கூடுதலாக வந்த பணத்தை மூன்றாம் நபர் யாருக்கும் அனுப்புவதில்லை. உண்மையாகவே தவறி வந்தது என்றால், தம் வங்கியிடம் சொல்லி, வங்கி வழியாகவே வந்த கணக்குக்குத் திருப்பட்டும்.

இலாகாவின் பெயரில் வரும் கடிதங்கள்

அடுத்த வகை அரசாங்கத்தின் பெயரில் வருவது. இதைப் புரிந்துகொள்ளச் சட்டம் என்ன சொல்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் தாமான் அசுஹான் கானாக்-கானாக் சட்டம், அதாவது 308ஆவது சட்டத்தின்படி, நான்கு வயதுக்குட்பட்ட, ஒன்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளும் இடம் தஸ்கா எனப்படும். அது ஜேகேஎம் எனும் சமூகநல இலாகாவில் பதிவு செய்யப்பட வேண்டும். சொந்த வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாகப் பார்ப்பது வீட்டுத் தஸ்கா. மூன்று பிள்ளைகள் வரை பார்ப்பவருக்கு அந்தப் பதிவு தேவைப்படுவதில்லை.

இந்த எண்ணிக்கையைச் சரியாகத் தெரிந்து வைத்திருப்பவரைப் பயமுறுத்துவது கடினம். தெரியாதவருக்கு ‘உங்கள் வீட்டில் உரிமமின்றிப் பிள்ளைகள் இருப்பதாகப் புகார் வந்துள்ளது, 48 மணி நேரத்துக்குள் சமரச அபராதம் செலுத்தினால் வழக்கு இல்லை’ என்ற மின்னஞ்சல் வந்தால், கை நடுங்கி இணைப்பைத் தட்டிவிடுவார். இரண்டே பிள்ளைகளைப் பார்க்கும் பாட்டிகூடப் பயந்துபோவார். நாலைந்து பிள்ளைகளைப் பதிவின்றிப் பார்ப்பவர் நிலை இன்னும் சங்கடம். ஏமாந்தாலும் வெளியே சொல்ல மாட்டார். மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான். மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பதிவைப் பற்றி விசாரித்துவிடுவது, மற்ற நன்மைகளோடு, இந்த மிரட்டலுக்கும் முற்றுப்புள்ளி வைக்கும்.

மிரட்டலுக்குப் பதில் ஆசை காட்டும் கடிதங்களும் உண்டு. ‘வீட்டுத் தஸ்காக்களுக்குச் சிறப்பு மானியம், பதிவுக் கட்டணம் 150 வெள்ளி மட்டும்’, ‘புதிய விதிப்படி கட்டாயப் பயிற்சி, இடம் குறைவு, இன்றே கட்டுக’ என்பவை அந்த ரகம். தஸ்கா பராமரிப்பாளர்களுக்குப் பெர்மாத்தா அடிப்படைப் பயிற்சி உண்மையாகவே தேவைப்படுவதால் இது நம்பும்படியாக இருக்கும். அரசு உதவித்தொகைகளின் பெயரில், எஸ்டிஆர் உட்பட, போலி இணைப்புகள் பரவுவதும் சம்பந்தப்பட்ட அமைப்பு மறுப்பு வெளியிடுவதும் பலமுறை நடந்துள்ளன. மானியம் தருகிறவர் முதலில் பணம் கேட்பதில்லை. முன்பணம் வாங்கி ஏமாற்றும் இந்த வித்தைக்கு உலகம் ‘நானூற்றுப் பத்தொன்பது’ என்று பெயர் வைத்திருப்பது, நைஜீரியாவின் குற்றவியல் சட்டத்தில் மோசடிக்கான 419ஆவது பிரிவை ஒட்டி.

அனுப்பியவர் முகவரியைப் பார்க்கும் விதம்

கைப்பேசியில் மின்னஞ்சலைத் திறந்தால் மேலே பெயர் மட்டும் தெரியும். அந்தப் பெயரை எவர் வேண்டுமானாலும் ‘ஜேகேஎம் பேராக்’ என்று வைத்துக்கொள்ளலாம். பெயரின் மேல் விரலைத் தட்டினால்தான் உண்மையான முகவரி விரியும். அரசாங்க முகவரிகள் ‘டாட் ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடியும். முடியும் என்ற சொல் முக்கியம். அந்த எழுத்துகள் நடுவில் எங்கோ இருந்து, கடைசியில் வேறொன்று இருந்தால் அது அரசாங்க முகவரி அல்ல. அரசு இலாகா ஒன்று சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து அபராதம் கேட்பதையும் நம்பக் கூடாது.

இணைப்புகளுக்கும் இதே சோதனைதான். தட்டாமல், விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போகப்போகும் முகவரி தெரியும். ஆங்கில ‘எல்’ எழுத்துக்குப் பதில் 1, ‘ஓ’ எழுத்துக்குப் பதில் 0 என்று மாற்றி எழுதுவது பழைய தந்திரம். ஆனால் சிறிய திரையில், மூக்குக்கண்ணாடி இல்லாமல், ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு அது தெரியாது. பிள்ளைகள் தூங்கிய பிறகு, மேசையில் உட்கார்ந்து பார்ப்பதே நல்லது. அதுவரை எந்தக் கடிதமும் கெட்டுப்போகாது.

இணைப்புக் கோப்புகளில் மிக ஆபத்தானது ‘ஏபிகே’ என்று முடிவது. அது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு. துப்புரவுச் சேவை, திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் இந்தக் கோப்பை அனுப்பி, வங்கிக் குறுஞ்செய்திகளைத் திருடிக் கணக்கைக் காலி செய்த மோசடிகள் மலேசியாவில் நன்கு அறியப்பட்டவை. பிள்ளை பார்ப்பவருக்கு அது ‘குழந்தையின் மருத்துவ அறிக்கை’ என்ற பெயரில் வரக்கூடும். மருத்துவ அறிக்கையைப் படிக்க எந்தச் செயலியும் நிறுவத் தேவையில்லை. இத்தகைய திருட்டுகளுக்குப் பிறகுதான், 2022 செப்டம்பரில், குறுஞ்செய்தி வழி வரும் ஒருமுறைக் கடவெண்ணைக் கைவிடும்படியும் ஒரே கைப்பேசியை மட்டும் உறுதிப்படுத்தலுக்கு அனுமதிக்கும்படியும் பேங்க் நெகாரா வங்கிகளுக்குப் பணித்தது.

பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடுவதும் வழக்கம். 2017இல் மலேசியக் கைப்பேசி நிறுவனங்களின் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் பதிவுகள் கசிந்தது வெளிச்சத்துக்கு வந்தது. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. ஒருவரின் விவரம் தெரிந்திருப்பதால் மட்டும் எழுதுபவர் அதிகாரி ஆகிவிட மாட்டார்.

மற்றவர் பிள்ளைகளின் விவரம்

பணத்தை இழந்தால் அது ஒரு குடும்பத்தின் இழப்பு. மின்னஞ்சல் கணக்கையே இழந்தால் பாதிக்கப்படுவது அங்கே விடப்படும் பிள்ளைகள் அனைவரும். மைகிட் நகல், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, அன்றாடம் பெற்றோருக்கு அனுப்பும் படங்கள், யார் எத்தனை மணிக்குப் பிள்ளையை அழைத்துப்போவார் என்ற குறிப்பு எல்லாமே பெரும்பாலும் ஒரே ஜிமெயில் கணக்கில் இருக்கும்.

இது வெறும் பயம் அல்ல என்பதை 2025 செப்டம்பரில் லண்டனில் நடந்தது காட்டியது. கிடோ என்ற பாலர் பராமரிப்பு நிறுவனத்தின் சுமார் 8,000 பிள்ளைகளின் பெயர், படம், வீட்டு முகவரி ஆகியவற்றைத் திருடியதாக ஒரு கும்பல் அறிவித்தது. சில பிள்ளைகளின் விவரங்களை இணையத்தில் வெளியிட்டு மிரட்டியது. பெற்றோர்களுக்கும் அழைப்புகள் போயின. கண்டனம் பெருகியதும் படங்களை நீக்கிவிட்டதாக அக்கும்பல் சொன்னது. அடுத்த மாதம் இதன் தொடர்பில் 17 வயதுடைய இருவரை லண்டன் போலீஸ் கைது செய்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2021இல், பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் பாலர் பராமரிப்பாளர்களுக்கென்றே, வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களையும் சேர்த்து, தனி வழிகாட்டி வெளியிட்டிருந்தது. சின்ன இடம், நம்மை யார் கவனிக்கப் போகிறார்கள் என்ற எண்ணம் வேண்டாம் என்பதே அதன் அடிப்படை.

கணக்கு பறிபோனால் அடுத்து நடப்பது இதுதான்: பிள்ளை பார்ப்பவர் முகவரியிலிருந்தே எல்லாப் பெற்றோருக்கும் ‘என் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இம்மாதக் கட்டணத்தை இந்த எண்ணில் கட்டுங்கள்’ என்று கடிதம் போகும். கடிதம் உண்மையான முகவரியிலிருந்து வருவதால் யாருக்கும் சந்தேகம் எழாது. பெற்றோரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வைக்கலாம்: கணக்கு எண் மாறினால் வாசலில் நேரில் சொல்லுவேன், கடிதத்தில் சொல்ல மாட்டேன் என்று.

பல வீடுகளில் மின்னஞ்சலைத் திறந்து கொடுத்தது மகனோ மகளோ தான், கடவுச்சொல்லும் அவர்களிடமே. அம்மாவின் பிறந்த ஆண்டும் தாமான் பெயரும் சேர்ந்த கடவுச்சொல்லாகவும் இருக்கும். அந்த மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து, நீளமான புதிய கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டுக்கொடுக்கச் சொல்வது அரை மணி நேர வேலை. அதோடு, பிள்ளையை விட்டு நின்ற குடும்பங்களின் மைகிட் நகல்களையும் மின்னஞ்சலிலிருந்து நீக்கிவிடலாம்.

பணம் போய்விட்டால்

முதல் வேலை தொலைபேசி. தம் வங்கியின் மோசடி அவசர எண், அல்லது 997. போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் ஆகியவை சேர்ந்து 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்திவைப்பதே அதன் நோக்கம். ஆகவே குடும்பத்தில் கலந்து பேசிவிட்டு நாளைக்கு அழைக்கலாம் என்று விடக்கூடாது. 997 பொதுமக்கள் அழைப்பதற்கான எண். அங்கிருந்து பேசுகிறோம் என்று தாமாக அழைப்பவரை நம்பக் கூடாது. மோசடிக்காரர்கள் அந்த மையத்தின் பெயரையும் விட்டுவைக்கவில்லை.

பிறகு அருகிலுள்ள எந்தக் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம். மின்னஞ்சல்களை அச்செடுத்து, ரசீதுப் படம், அனுப்பிய கணக்கு எண், தேதி, நேரம் ஆகியவற்றோடு போக வேண்டும். 2023இல் மட்டும் நாட்டில் 34,000க்கும் அதிகமான இணைய மோசடிப் புகார்கள் பதிவாயின. இழப்பு 120 கோடி வெள்ளிக்கு மேல். ஆகவே இப்படி ஏமாந்தவர் நான் ஒருத்திதானா என்று கூச்சப்பட்டு நிற்க ஒன்றுமில்லை. தண்டனைச் சட்டம் 420ஆவது பிரிவின் கீழ் மோசடிக் குற்றத்துக்கு ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு.

பணம் போவதற்கு முன் சரிபார்க்க, போலீசின் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் கணக்கு எண்ணையோ கைப்பேசி எண்ணையோ போட்டுப் பார்க்கலாம். முன்பே புகார் வந்த எண் என்றால் காட்டும். ஆனால் ஒன்றும் காட்டாவிட்டால் எண் சுத்தமானது என்று அர்த்தமில்லை. இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். புதிதாக வாங்கிய கழுதைக் கணக்கு அந்தப் பட்டியலில் இருக்காது.

ஏற்கெனவே பதில் எழுதிவிட்டு, பணம் எதுவும் அனுப்பாத நிலையில் சந்தேகம் வந்தவர் என்ன செய்வது? விளக்கம் கேட்டு எழுதத் தேவையில்லை, திட்டி எழுதவும் தேவையில்லை. பதில் கிடைக்கும் முகவரி என்று தெரிந்தால் அது வேறு கும்பலுக்கு விற்கப்படும். கடிதத்தை மோசடி என்று குறியிட்டுத் தனியாக வைத்துவிட்டு, அடையாள அட்டை நகலோ வங்கி விவரமோ முன்பே அனுப்பியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளை பார்க்கும் மற்ற வீடுகளுக்கும் புலனக் குழுவில் அந்தக் கடிதத்தின் படத்தை அனுப்பலாம். ஒரே ஊரில் விளம்பரம் போட்ட பலருக்கு அதே இரட்டைக் குழந்தைகள் போயிருப்பார்கள்.